சால்டன் கடல்

சால்டன் கடல், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் தென்கிழக்குப் பாலைநிலத்தில் கிடக்கும் உவர்நீர் ஏரி. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 70 மீட்டர் கீழே. உள்ளே வரும் நீருக்கு வெளியேறும் வழி கிடையாது. பரப்பளவில் அம்மாநிலத்தின் மிகப் பெரிய ஏரி இதுதான். ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது.

1905ஆம் ஆண்டின் கால்வாய் உடைப்பால் உண்டான ஏரி என்றே பெரும்பாலும் எழுதுவார்கள். அது பாதிக் கதை. கொலராடோ ஆறு கொட்டிய வண்டல், நெடுங்காலத்துக்கு முன்பே இந்தப் பள்ளத்தைக் கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து பிரித்துவிட்டது. அதன்பின் ஆறு தடம் மாறி உள்ளே பாய்ந்தபோதெல்லாம் கவுயா ஏரி என்ற பெருநீர்நிலை நிரம்பியது. ஆறு விலகியதும் வற்றியது. கவுயா பழங்குடியினர் மீன் பிடிக்கக் கற்களை அடுக்கி அமைத்த பொறிகள் இன்று தண்ணீரே இல்லாத சரிவுகளில் கிடக்கின்றன. பழைய நீர்மட்டத்தைப் பாறைகளில் சுண்ணப் படிவு காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளம் காய்ந்து, அதில் உப்பு அள்ளிக்கொண்டிருந்தார்கள். 1901இல் கலிபோர்னியா டெவலப்மென்ட் கம்பெனி, கொலராடோ நீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து தரிசில் பாய்ச்சத் தொடங்கியது. குடியேறிகளை ஈர்க்க அந்தப் பகுதிக்கு இம்பீரியல் பள்ளத்தாக்கு என்று பெயரும் சூட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே கால்வாய் வண்டலால் தூர்ந்தது. 1904இல் மெக்சிகோ பக்கத்தில் ஆற்றங்கரையை வெட்டிப் புதுவழி திறந்தார்கள், மதகு கட்டாமல். மறு ஆண்டு அடுத்தடுத்து வந்த வெள்ளம் வெட்டிய வழியை அரித்து அகலமாக்கியது; ஆறு முழுவதுமே பள்ளத்துக்குள் திரும்பியது. சால்டன் ஊரும், உப்பளமும், டாரஸ் மார்டினஸ் கவுயா மக்களின் நிலமும் மூழ்கின. தண்டவாளத்தைக் காக்க சதர்ன் பசிபிக் ரயில்வே பாறைகளைக் கொட்டி 1906 நவம்பரில் உடைப்பை அடைத்தது. அடுத்த மாதமே கரை மீண்டும் உடைய, 1907 பிப்ரவரியில்தான் வேலை முடிந்தது.

அத்தோடு ஏரி ஆவியாகிப் போயிருக்க வேண்டும். வயல்களின் வடிகால் நீர் அதைப் பிழைக்க வைத்தது. மண்ணிலுள்ள உப்பைக் கழுவ விவசாயிகள் கூடுதலாகப் பாய்ச்சும் நீர், உப்பையும் உரத்தையும் பூச்சிமருந்தையும் சேர்த்துக்கொண்டு இங்கே வந்து சேர்கிறது. தவறிப்போய் உண்டான ஏரி என்பதைவிட, கழிவுநீரால் பராமரிக்கப்பட்ட ஏரி என்பதே பொருத்தம்.

1950களில் வளைகுடா மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மீன்பிடிப்பும் படகுப் போட்டியும் கூட்டம் சேர்த்தன. கரையில் புதிதாக எழுந்த சால்டன் சிட்டியில் மனைகள் விற்றன; 1959இல் வடகரையில் ஆல்பர்ட் ஃபிரே வடிவமைத்த படகுக் கழகம் எழுந்தது. 1976, 1977ஆம் ஆண்டுகளின் புயல்கள் கரையோர வீடுகளை மூழ்கடித்தன. உப்பும் ஏறிக்கொண்டே போனது. 1992இல் சுமார் 1,50,000 முக்குளிப்பான்கள் மடிந்தன. 1999 ஆகஸ்டில் ஒரே நாளில் இறந்த மீன்கள், பெரும்பாலும் திலேப்பியா (நம்மூர் ஜிலேபிக் கெண்டை), 76 லட்சம் என்று மதிப்பிட்டார்கள்.

2003இல் வந்த ஒப்பந்தம் இம்பீரியல் பள்ளத்தாக்கின் நீரில் ஒரு பங்கை சான் டியேகோ பகுதிக்குத் திருப்பியது. வயலில் சிக்கனம் கூடினால் ஏரிக்கு வடிகால் குறையும். இங்கே நீர்ச்சிக்கனமே நஞ்சாயிற்று. இழப்பை ஈடுகட்ட விட்ட நீரும் 2017 இறுதியோடு நின்றது. வெளிப்பட்ட படுகையின் புழுதி, ஏற்கெனவே ஆஸ்துமா மிகுந்த வட்டாரத்தின் மூச்சில் கலக்கிறது.

பார்க்கப் போகிறவர்கள் குளிர்காலத்தில் போவது நல்லது. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், நாற்றமும் தாங்காது. கரையோர ஊரான பாம்பே பீச்சில் காலடியில் நொறுங்குவது மணல் அல்ல, கொட்டலசு ஓடும் மீன் முள்ளும். கைவிடப்பட்ட வீடுகளுக்கிடையே கலைஞர்கள் நிறுவிய சிற்பங்கள் நிற்கின்றன. சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் தென்முனையும் அங்கேதான். தென்கரையில் சேறு கொப்பளிக்கும் மேடுகளையும் புவிவெப்ப மின்நிலையங்களையும் காணலாம். அவை எடுக்கும் சுடுநீரில் லித்தியம் இருப்பதால் நிறுவனங்களின் கண் இப்போது அதன்மேல்.

பழைய அளவுக்கு ஏரியை நிரப்பும் எண்ணம் அரசுக்கு இல்லை. நியூ ஆறு வந்து சேரும் இடத்தில் பறவைகளுக்கும் மீன்களுக்கும் ஆழமற்ற குளங்களை வெட்டி, 2025இல் நீர் விடத் தொடங்கியிருக்கிறார்கள்.