புரசங்கிளையிலிருந்து குளியலறைக் கதவு வரை

ஜார்க்கண்டில் ராஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் புரசு, இலந்தை, குசும் மரங்களின் இளங்கிளைகளில் கடுகைவிடச் சிறிய சிவப்புப் பூச்சிகள் கூட்டமாக வந்து ஒட்டுகின்றன. புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த அதே புரசுதான். ஒட்டிய இடத்திலேயே சாற்றை உறிஞ்சி, தம்மைச் சுற்றிப் பிசினைச் சுரந்து மூடிக்கொள்கின்றன. பெண் பூச்சி அதன்பின் நகர்வதே இல்லை. சில மாதங்களில் கிளை முழுக்க அரக்கு தடித்துவிடும். கிளையை வெட்டி, அரக்கைச் சுரண்டி, அடுத்த போகத்துக்கென்று பூச்சியுள்ள குச்சிகள் சிலவற்றை வேறு மரங்களில் கட்டிவிடுவார்கள். இந்தப் பூச்சியை ஆராயவென்றே 1924இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது.

சுரண்டிய அரக்கை நொறுக்கித் தண்ணீரில் அலசினால் சிவப்புச் சாயம் பிரியும். ஒரு காலத்தில் பிசினைவிட இந்தச் சாயத்துக்கே மவுசு அதிகம். செயற்கைச் சாயங்கள் வந்தபின் அது அடங்கியது. அலசிய மணிகளை நீளமான துணிப்பையில் அடைத்து அடுப்புக்கு முன்னால் முறுக்குவார்கள். உருகி வழிவதைச் சூடாறுமுன் கை, கால், பல் என்று எல்லாவற்றாலும் பிடித்து இழுத்து, பெரிய மெல்லிய தகடாக விரிப்பார்கள். ஆறியதும் அதை உடைத்தால் தேன்நிறச் செதில்கள். நம் கடைகளில் அவலரக்கு என்று கேட்டால் கிடைப்பது இதுதான். எவ்வளவு உழைப்பு இந்தச் செதிலுக்குள்!

ஸ்பிரிட்டில் ஊறியதும் அது பிரெஞ்ச் பாலிஷ் ஆகிறது. பஞ்சைத் துணியில் சுற்றி, பாலிஷில் நனைத்து, நிறமேற்ற ஸ்டெயினர் கொடுத்த தேக்கின்மேல் சிறு வட்டங்களாகத் தேய்க்கும் பாலிஷ்காரரின் கை ஓரிடத்தில் நிற்காது. நின்றால் பஞ்சு ஒட்டிப் பூச்சு கிழியும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகை குளிர்ந்து, காற்றின் ஈரம் மேலே படிந்து, பூச்சு பால் கலந்ததுபோல வெளுக்கும். அதனால் நல்ல பாலிஷ்காரர் அடைமழையில் வேலையை ஒத்திப்போடுவார்.

கூடத்து அலமாரியிலும் ஊஞ்சல் பலகையிலும் அவலரக்குக்கு இணையான அழகு எனக்குத் தெரிந்து வேறில்லை. குளியலறையிலும் சமையலறைத் தொட்டியடியிலும் நிலைமை வேறு. காற்றிலுள்ள ஈரத்தை அது நன்றாகவே தடுக்கிறது. தேங்கும் தண்ணீர், சூடு, சோப்பின் காரம் ஆகியவற்றிடம்தான் தோற்கிறது. ஈரப் பாத்திரம் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுவது இதனால்தான்.

அந்த இடத்தைப் பாலியூரிதேன் பிடித்துக்கொண்டது. ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் 1937இல் உருவாக்கிய வேதிப்பொருள், இன்று பி.யூ. என்றால் எந்தப் பெயின்ட் கடையிலும் தெரியும். காய்ந்து இறுகியபின் ஸ்பிரிட்டிலோ தண்ணீரிலோ கரையாது. நீர் புழங்கும் அறையில் மேற்பூச்சு பி.யூ.தான், இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

ஆனாலும் அவலரக்குக்கு நடுவில் ஓரிடம் உண்டு. எண்ணெய் கலந்த ஸ்டெயினர்மேல் தண்ணீரில் கரையும் பி.யூ.வை அவசரமாக அடித்தால் நிறம் இழுபடும். சில நாளில் தோலாக உரியவும் கூடும். ஸ்டெயினர் நன்றாகக் காய்ந்தபின் நடுவே அவலரக்கு ஒரே ஒரு மெல்லிய கோட்டு கொடுத்தால் அது இரண்டையும் பிடித்துக்கொள்ளும். 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 120 கிராம் போதும். அரக்கில் சுமார் 5 சதவீதம் மெழுகு உண்டு, மெழுகின்மேல் பி.யூ. சரியாக ஒட்டாது. கரைசலை அசைக்காமல் வைத்து, அடியில் மெழுகு தங்கியதும் தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள், அல்லது மெழுகு நீக்கியதையே வாங்குங்கள். பழைய கரைசலானால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள்.

இத்தனை தூரம் வந்த அரக்கும் பி.யூ.வும் வீணாவது பெரும்பாலும் கதவின் அடி விளிம்பில். முகப்பு கண்ணாடிபோல மின்னும். தரையை ஒட்டிய விளிம்பு மட்டும் பச்சை மரமாகவே விடப்பட்டு, தண்ணீரைக் குடித்துக் கறுத்து, அங்கிருந்தே பூச்சு மேல்நோக்கி உரியும். கதவைக் கீலில் மாட்டுமுன் அடி விளிம்பு, மேல் விளிம்பு, பூட்டுக்குக் குடைந்த துளை எல்லாவற்றுக்கும் முகப்புக்குக் கொடுத்த அதே கோட்டுகளைக் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தும்கொள்ளுங்கள்.