கல்லூரிப் புகுதலும் பிறர் யோசனையும்

பட்டம் பெற்றார் ஒருவருமில்லாத குடும்பத்தார், மகனைச் சேர்க்கும் வகையறியப் பட்டதாரி வீட்டுத் திண்ணையை நாடுதல் நம்மவரிடை நெடுநாள் வழக்கம். அது நன்றே. எனினும் விதிகள் ஒருநிலையில் நில்லா. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984இல் வந்த நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கிற்று. பொறியியலுக்கு 1997இல் ஒற்றைச் சாளர முறை ஏற்பட்டது. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல் முதலியவற்றில் 2021இலும் வந்தது. ஆகவே தமையன் சேர்ந்த முறை தம்பிக்குப் பொருந்தாமற் போதலுமுண்டு. பழைய விதியை நம்பி இடமிழந்த மாணவனைக் கண்டு யாம் வருந்தியிருக்கிறோம். ஆதலின் வினவுவோர், 'இஃது எவ்வாண்டு விதி?' என முதலிற் கேட்க. அறிந்தோர் ஒளியாது உரைக்க. கேட்க நாணும் தந்தையர் பலர். அன்னார் வாயிலுக்கு நாமே செல்லுதல் நம் கடன்.