காசி யாத்திரையின் செலவுக் கணக்கு



நம்மவர் சிலருடைய இல்லத் திருமணங்களில் காசியாத்திரை என்றொரு சடங்கு உண்டு. தில்லியானாலும் மும்பையானாலும் கொல்கத்தாவானாலும் அச்சடங்கு மாறுவதில்லை. மணமகன் குடையும் கைத்தடியும் விசிறியும் ஏந்தி, மேலாடை முனையில் சிறிது அரிசியும் பருப்பும் முடிந்துகொண்டு, வாயிற்படியைக் கடந்து நாலடி நடப்பான். பெண்ணின் தந்தை வழிமறித்து, தேங்காய் கொடுத்து, திரும்ப அழைத்து வருவார். சுற்றி நிற்பவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஆயினும் அந்த மேலாடை முடிச்சை உற்று நோக்கினால் ஒரு வினா எழாமற் போகாது. அந்தப் பிடி அரிசி எத்தனை வேளைக்குக் காணும்? மெய்யாகவே காசிக்கு நடந்து சென்ற நம் முன்னோர் வழியில் எதை உண்டார்கள்? எங்கே உறங்கினார்கள்? அதற்கு வேண்டிய பொருளை எவ்வாறு கணக்கிட்டார்கள்?

முதலில் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து காசிக்கு ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வழி. நாளொன்றுக்குப் பத்து மைல் நடப்பவருக்கு நடக்கும் நாட்கள் மட்டுமே நூற்றுக்கு மேலாகும். ஆற்று வெள்ளம், காய்ச்சல், விரத நாட்கள் முதலியவற்றையும் சேர்த்தால் நான்கு மாதங்களுக்குக் குறையாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை இராத்தல் அரிசி என்று வைத்துக்கொண்டாலும், 120 நாட்களுக்கு 180 இராத்தல் வேண்டும். அத்தனை பாரத்தைத் தலையில் சுமந்துகொண்டு ஆயிரம் மைல் நடக்கக்கூடியவர் யார்? புளியோதரைக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாள் தாங்கும். அவலும் சத்துமாவும் சில நாட்கள் கூடுதலாகத் தாங்கும். அதற்குப் பின் வழியில் விலைக்கு வாங்கியே தீரவேண்டும். விலைக்கு வாங்கப் பணம் வேண்டும். பணத்தைக் கூடவே எடுத்துச் சென்றால் கள்வர் பயம். சோறு சுமக்க முடியாது. பணம் சுமப்பது ஆபத்து. இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவே நம் முன்னோர் கண்ட வழிகளே கால்நடை யாத்திரையின் வரலாறு எனலாம்.

பணத்தின் செய்தியைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைச் சீமையில் வரகனும் பணமும் காசும் வழங்கின. ஐதராபாத் நிஜாம் இராச்சியத்தில் வேறு ரூபாய். நாகபுரி இராச்சியத்தில் மற்றொரு ரூபாய். எல்லையைத் தாண்டுந்தோறும் சராப்பிடம் நாணயத்தை மாற்றவேண்டும். மாற்றுந்தோறும் வட்டம் என்ற பெயரில் ஒரு பகுதி கழிந்துபோகும். நடக்க நடக்கக் கைப்பொருள் செலவாகாமலே தேய்ந்தது என்று சொன்னாலும் பொருந்தும். 1835இல் கம்பெனியார் தம் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை வெளியிட்ட பின்னரே இத்தொல்லை குறையத் தொடங்கியது. வசதியுள்ளவர்கள் உண்டியலை நாடினார்கள். ஊரிலுள்ள வணிகரிடம் தொகையைக் கட்டிச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, தொலைவிலுள்ள நகரத்தில் அவருடைய கூட்டாளியின் கடையில் அத்தொகையைப் பெறுவது வழக்கம். இடுப்பு முடிச்சில் சில நாட்செலவுக்கான சில்லறை மட்டும் இருந்தால் போதும். வணிகர் தரும் சீட்டு அவ்வாறு யாத்திரிகருக்குத் துணையாயிற்று.

இத்தகைய பெரும் பயணம் ஒன்றின் விரிவான குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பது நற்பேறு. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி என்பவர் 1830ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டார். திருப்பதி, கடப்பை, ஸ்ரீசைலம், ஐதராபாத், நாகபுரி, பிரயாகை வழியாகக் காசியை அடைந்து, கயையையும் கல்கத்தாவையும் கண்டு, ஜகந்நாதபுரியைத் தரிசித்து, கிழக்குக் கடற்கரை வழியாக 1831 செப்டம்பர் 3ஆம் நாள் சென்னைக்குத் திரும்பினார். பதினைந்து மாதங்களுக்கு மேல் நடந்த யாத்திரை அது. அவருடன் சென்றவர்கள் சுமார் நூறு பேர். அவர் பல்லக்கில் சென்றவர். ஆனால் பல்லக்குச் சுமந்தவர்களும் சமையற்காரர்களும் நடந்தவர்களே. நாள்தோறும் அவர் தெலுங்கில் எழுதிவைத்த குறிப்புகள் 1838இல் நூலாக வெளிவந்தன. ஊருக்கு ஊர் தூரம் எவ்வளவு, கடைகள் உண்டா, தண்ணீர் நல்லதா, தங்க இடம் உண்டா என்பனவற்றை அவர் குறித்துக்கொண்டே போகிறார். பின்னால் வரும் யாத்திரிகர் கணக்குப் போடுவதற்கு அவை இன்றியமையாதவை அல்லவா?

உணவும் உறைவிடமும் மட்டுமே செலவு என்று எண்ணியவர்கள் தலத்தை அடைந்ததும் திகைத்தார்கள். பிரயாகையிலும் கயையிலும் புரியிலும் கம்பெனியார் யாத்திரிகர்களிடம் வரி வாங்கினார்கள். புரியில் 1806இல் ஏற்பட்ட வரி, பின்னர் யாத்திரிகர்களை வகை வகையாகப் பிரித்தது. முதல் வகையினர் வடக்கிலிருந்து வந்தால் 10 ரூபாயும் தெற்கிலிருந்து வந்தால் 6 ரூபாயும் கொடுக்கவேண்டும். இரண்டாம் வகையினருக்கு முறையே 5 ரூபாயும் 3 ரூபாயும். சிப்பாய் ஒருவரின் மாதச் சம்பளமே 7 ரூபாயாக இருந்த காலம் அது. கோயில் வாசல் வரை கால் தேய நடந்து வந்த ஏழைக்குக் கடைசி நூறடியே மிகவும் விலையுயர்ந்த வழியாயிற்று. 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இம்மூன்று தலங்களிலும் வரியை நீக்கிற்று.

இனி, பணமே இல்லாதவர்களைப் பற்றிக் கருதுவோம். யாத்திரிகர்களில் பெரும்பாலோர் அத்தகையோரே. அவர்களுடைய கணக்கில் வரவு என்று எழுதத்தக்கது அறம் ஒன்றுதான். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்த செய்தி நாம் அறிந்ததே. சேது செல்லும் வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்களை வரிசையாக நிறுவினார்கள். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும், 1802இல் இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரமும் அவற்றுட் சில. சேதுபாவாசத்திரம் ஓர் ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஊர்களின் நில வருவாய் இவற்றிற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அறம் தடையின்றி நடந்ததற்கு அந்த நிலையான வருவாயே காரணம்.

இச்சத்திரங்களின் நடைமுறையைச் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை வருவோர் அனைவருக்கும் உணவு உண்டு. சமைத்த சோறு ஏற்காதவர்களுக்கு அரிசியும் பிற பண்டங்களும் அளக்கப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இதுவரை உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று கூவி அழைப்பார்கள். நோயுற்றவருக்கு வைத்தியம், குழந்தைகளுக்குப் பால், இறந்துபோனவருக்கு ஈமக்கடன் ஆகியவையும் உண்டு. வழிநடையில் ஒருவருக்கு நேரக்கூடியவை அனைத்தையும் எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட திட்டம் அது. நடப்பவர் தம் கணக்கில் எழுத அஞ்சிய செலவுகளை, சத்திரம் தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

வடக்கிலும் அவ்வாறே. இந்தூர் அரசியார் அகல்யாபாய் ஹோல்கர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடெங்கும் தர்மசாலைகளையும் படித்துறைகளையும் அமைத்தார். காசியில் கேதார கட்டத்தருகே 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் தென்னாட்டவர்க்குப் புகலிடமாயிற்று. 1863இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே சத்திரம் கண்டார்கள். நான்கு மாதம் நடந்து, மொழி தெரியாத நகரத்தில் நுழைந்தவர் காதில் தமிழ்ச்சொல் விழுந்து, இலையில் சோறும் விழுந்தால் அவர் உள்ளம் எவ்வாறு குளிர்ந்திருக்கும் என்பதை, வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் இந்த அறத்தின் குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எல்லாச் சத்திரங்களும் தஞ்சைக் கடிதம் கூறுவதுபோல் நடந்தவை அல்ல. பலவற்றில் ஒரு சாதியாருக்கே பந்தி. வேறு சிலவற்றில் திண்ணையோடு சரி. சிலருக்கு வாசலும் இல்லை. ஒரே வழியில் ஒரே தூரம் நடந்தவர்களுள் ஒருவருக்கு இலவசமாகக் கிடைத்த உணவும் நிழலும் மற்றொருவருக்கு விலை கொடுத்தும் கிடைக்கவில்லை. தீண்டாமையை நம் அரசியல் சட்டம் ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் தர்மசாலைகளிலும் சத்திரங்களிலும் அதைக் கடைப்பிடிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. யாத்திரைச் செலவின் வரலாற்றில் இதனையும் ஒரு முக்கியமான வரவாகவே எழுதவேண்டும்.

பின்னர் இரயில் வந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது. 1887இல் காசியில் கங்கைக்குப் பாலம் அமைந்தது. 1914இல் பாம்பன் பாலம் இராமேசுவரத்தை இணைத்தது. நான்கு மாதத்துச் செலவு ஒரு டிக்கெட்டின் விலையாகச் சுருங்கிற்று. சாலையோரச் சத்திரங்கள் பல வெறிச்சோடிப் போயின. நாம் அடைந்த நன்மை பெரிது. வழியிலே மாண்டு திரும்பாதவர்களின் தொகை குறைந்தது அன்றோ?

ஆனாலும் பழைய கணக்கு ஒன்று நமக்கு எஞ்சியிருக்கிறது. எவ்வளவு திட்டமிட்டுப் புறப்பட்டாலும் வழிநடப்பவரின் கணக்கில் எப்போதும் ஒரு துண்டு விழும். அதை முன்பின் அறியாத எவரோ நிரப்பினார்கள். வேலை தேடித் தொலைவிலுள்ள நகரத்துக்கு வந்த நம்மில் எத்தனையோ பேர் முதல் இரவை ஊர்க்காரர் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் கழித்தவர்கள். நம் வீட்டு வாசலில் நாளை ஒருவர் மூட்டையுடன் வந்து நிற்கலாம். நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் உண்டா என்று கேட்ட அந்தக் குரலை அப்போது நாம் நினைவில் கொள்வோமாக.