முறிந்தது அச்சு, பூட்டியிருந்தது கதவு!

1842, மே 8. ஞாயிற்றுக்கிழமை. மன்னர் லூயி ஃபிலிப்பைக் கொண்டாட வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் திருவிழா. அது முடிந்து பாரிஸ் திரும்ப ரயிலில் ஏகக் கூட்டம். மூதோன் அருகே முன்னால் ஓடிய இன்ஜினின் அச்சு படக்கென்று முறிந்தது. பின்னால் வந்த இன்ஜின் அதன்மேல் ஏற, பெட்டிகள் அதற்கும் மேலே ஏற, குபீரென்று தீ! கொடுமை என்ன தெரியுமா? பயணிகள் நடுவழியில் குதித்துவிடக் கூடாதென்று கதவுகளை வெளியே பூட்டியிருந்தார்கள். 50 பேருக்கு மேல் கருகிப் போனார்கள். அதில் ஒருவர் துமோன் துர்வில். கப்பலில் அண்டார்டிகா வரை போய்ப் பத்திரமாகத் திரும்பிய மாலுமி, பாரிஸ் பக்கத்தில் மனைவி மகனோடு ரயிலில் செத்தார்!

நல்ல இரும்பு ஏன் முறிந்தது? 'ஓடி ஓடி அதிர்ந்ததில் இரும்பின் தன்மையே மாறிப்போச்சு' என்றார்கள் பலர். ராங்கின் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் மறுத்தார். அச்சு திடீரென்று முறிவதில்லை. மயிரிழை விரிசல் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளர்கிறது என்றார். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து நீங்களும் ஒடித்திருப்பீர்களே, அந்தக் கதைதான். உலோகத்துக்கும் களைப்பு உண்டு!

ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே இன்ஜினீயர் பல வருஷம் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைத்துப் பார்த்தார். பாரம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் இரும்பு அநேகமாகக் களைப்பதே இல்லை என்று கண்டார்.

அலுமினியம் அப்படியில்லை. பாரம் குறைந்தால் ஆயுள் நீளும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் காரின் அலாய் வீலைப் பாருங்கள். அலுமினியத்தோடு சுமார் 7 சதவிகிதம் சிலிக்கான், துளி மக்னீசியம் சேர்த்து உருக்கி வார்த்தது. உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைக் குடித்து வைத்துக்கொள்ளும், உறையும்போது கக்கும். மிஞ்சுவது ஊசிமுனை ஓட்டைகள். விரிசலுக்கு அதுதான் வாசல்! சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் ஓடும். லட்சம் கிலோமீட்டரில் 5 கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அதன் கைகள் ஒரு தடவை வளைந்து நிமிர்கின்றன. அதனால்தான் ஃபேக்டரியில் சாம்பிள் வீல்களின் விளிம்பை இறுக்கிப் பிடித்து, நடுவில் தண்டு பொருத்திச் சுற்றிச் சுற்றி வளைக்கிறார்கள். வோலர் செய்த அதே வேலை!

பள்ளத்தில் விழுந்து விரிசல் கண்ட வீலை வெல்டிங் வைத்து 'புதுசு மாதிரி ஆச்சு சார்' என்று யாராவது நீட்டினால் உஷார். வார்த்த பிறகு சூடேற்றிப் பதப்படுத்தி ஏற்றிய பலம், வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் இறங்கிவிடும். பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.