இதய மின்வரைபடம்

இதயத் துடிப்பின்போது எழும் நுண்ணிய மின்மாற்றங்களை உடலின் மேற்புறத்திலிருந்தே பதிவுசெய்யும் சோதனை, வழக்கில் இசிஜி. நெஞ்சுவலி என்று வருபவருக்கு முதலில் எடுக்கப்படுவது இதுவே. நோயை முன்கூட்டிக் கண்டறியும் எண்ணத்தில் இது தோன்றவில்லை.

லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் உடலியங்கியல் ஆய்வாளராக இருந்த அகஸ்டஸ் வாலர், 1887இல் மனித இதயத்தின் மின்னியக்கத்தை முதன்முதலாகப் பதிவுசெய்தார். அவர் பயன்படுத்தியது, நுண்குழாயில் பாதரசம் ஏறி இறங்குவதைப் புகைப்படத்தில் பிடிக்கும் கருவி. ஜிம்மி என்ற தம் புல்டாக் நாயை உப்புநீரில் நிற்கவைத்து அவர் செயல்விளக்கம் காட்டினார். அது விலங்குவதை என்று 1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. நாய்க்கோ எந்த வலியும் இல்லை. மருத்துவமனைகளில் இந்தப் பதிவு பெரிதாகப் பயன்படும் என்று வாலரே நம்பவில்லை.

பாதரசம் மந்தமாக நகர்ந்ததால் கோடுகள் உருக்குலைந்தன. ஜாவாவின் செமராங்கில் பிறந்து, லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லெம் ஐந்தோவன் (1860–1927) அவற்றை முதலில் கணக்கிட்டுத் திருத்தினார். பிறகு கருவியையே மாற்றினார். 1901இல் அவர் அறிவித்த இழைக் கால்வனோமீட்டரில், வலிய மின்காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழை அதிர்ந்தது. அந்தக் கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். காந்தம் சூடேறாமலிருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு அதைத் தூக்கிச் செல்ல வழியில்லை. ஆகவே 1905இல், சுமார் 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நோயாளிகளின் இதய மின்குறிகளைத் தொலைபேசிக் கம்பி வழியே ஆய்வகத்துக்கு வரவழைத்தார். அலைகளுக்கு அவர் இட்ட பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் பெயர்கள் மாறவேயில்லை. 1924இல் நோபல் பரிசு பெற்றார். மார்பில் வைக்கும் மின்முனைகள் 1930களில் வந்தன. 1942இல் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் சேர்த்த தடங்களோடு இன்றைய 12 தட வரைபடம் முழுமையடைந்தது.

துடிப்பின் ஒழுங்குக் கேட்டையும் மாரடைப்பின் சேதத்தையும் இசிஜி நன்றாகவே காட்டும். ஆனால் இதயத் தமனி சுருங்கியிருந்தாலும், ஓய்விலிருக்கும் தசைக்குக் கிடைக்கும் ரத்தம் போதுமானதாக இருக்கலாம். அப்போது கோடு இயல்பாகவே வரும். பின்வந்த சோதனைகளில் பல இந்தக் குறையை ஈடுகட்ட எழுந்தவை. இதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்க்க மருத்துவர் ஆர்தர் மாஸ்டர் நோயாளிகளை இரண்டு படிகளில் ஏறி இறங்கச் சொன்னார். சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட டிரெட்மில் முறையில், 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். வந்து மறையும் துடிப்புக் கோளாறுகளைப் பிடிக்க, மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் முதுகில் சுமக்கும் 38 கிலோ பதிவுக் கருவியில் தொடங்கினார்.

தமனியை நேராகப் படம்பிடித்தது ஒரு விபத்து. 1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் செய்த பரிசோதனையில் வடிகுழாய் வலது இதயத் தமனிக்குள் நழுவி, எக்ஸ்ரே சாயம் அதனுள் பாய்ந்தது. சில நொடிகள் இதயம் நின்றது. இருமச் சொன்னதும் மீண்டும் துடித்தது. இன்றைய ஆஞ்சியோகிராம் அங்கிருந்து வளர்ந்தது.

அறிகுறிகளுக்கு முன்பே நோயைக் காட்டுவதில், சிடி ஸ்கேனில் தமனிச் சுவரின் சுண்ணாம்புப் படிவை அளக்க 1990இல் அகட்ஸ்டன் குழு வகுத்த மதிப்பெண்ணே இவற்றில் பொருத்தமானது. மாறாக, அறிகுறியில்லாத, ஆபத்து குறைந்தவர்களுக்கு மாரடைப்பைத் தடுக்கும் நோக்கில் இசிஜி எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் பரிந்துரைத்தது. பொய்யான எச்சரிக்கை தேவையற்ற ஆஞ்சியோகிராமில் கொண்டுபோய் விடலாம் என்பது ஒரு காரணம். ஆயினும் சென்னை மருத்துவமனைகளின் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியல்களில் இசிஜி இன்றும் வழக்கமான சோதனை.