முதலில் ஏறிய வழி

மாநில நெடுஞ்சாலை 15-க்கு ஒரு முனையில் மஞ்சள், மறுமுனையில் தேயிலை. ஈரோட்டில் புறப்பட்டு, சித்தோட்டில் சேலம்–கொச்சி சாலையைச் சந்தித்து, கவுந்தப்பாடிக்கு வருகிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கான நாட்டுச்சர்க்கரையை தேவஸ்தானம் இங்குள்ள விற்பனைக்கூடத்தில்தான் மூட்டை மூட்டையாக ஏலம் எடுக்கிறது. கோபியில் கொடிவேரி அணையின் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் நெல்வயல்கள். சத்தியமங்கலத்தில் மைசூர் போகிறவர்கள் பண்ணாரி, திம்பம் என்று பிரிந்துவிட, இந்தச் சாலை மேற்கே மேட்டுப்பாளையம் நோக்கித் திரும்புகிறது. வழியில் 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணை; அப்புறம், பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற சிறுமுகை.

சாலையின் பழங்கதை தொடங்குவது சிறுமுகையில். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறியபோது முதலில் தங்கியது ஊட்டியில் அல்ல, கோத்தகிரிப் பக்கம். அவருடைய பெத்தக்கல் பங்களா கன்னேரிமுக்கில் இன்றும் நிற்கிறது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு லெப்டினன்ட் மக்பெர்சன் 1821-ல் தொடங்கிய மலைப்பாதை 1823-ல் முடிந்தது. வண்டி போகாது, குதிரையும் பல்லக்கும் சுமைமாடும் போகும். வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு அமைத்த முதல் வாசல் அதுதான்.

பத்தே வருஷத்தில் அந்த வாசலில் கூட்டம் குறைந்தது. மெட்ராஸ் கவர்னர் லஷிங்டன் காலத்தில் குன்னூர் வழி திறந்தது. ஊட்டிக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1899-ல் ரயிலும் குன்னூருக்கே போயிற்று. கோத்தகிரி ஒதுங்கிய ஊரானது. பின்னால் தேயிலை பெருகியதும், பசுந்தேயிலை ஏற்றிய லாரிகளும் பஸ்களுமாக மலைச்சாலைக்கு மறுபடி வேலை வந்தது.

இன்றைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். குஞ்சப்பனையில் பலா பழுக்கும் மாதங்களில் யானைகள் சாலையிலேயே நிற்கும். டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அரவேனு தாண்டினால் தேயிலைச் சரிவு, கோத்தகிரி, கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு, ஊட்டி.

குன்னூர் சாலையில் மண் சரிந்தால் போக்குவரத்து முழுவதும் கோத்தகிரி வழியே திரும்புகிறது. கோடை சீசனில் ஒருவழிப் போக்குவரத்து வேறு: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. ஊட்டிக்கு ஏறக் கற்றுக்கொடுத்த பாதை, இப்போது சுற்றுலாக் கூட்டத்தைக் கீழே இறக்கி வீடு சேர்க்கும் வேலையைப் பார்க்கிறது.