உண்டியலும் கைத்தொலைபேசியும்

ஏறாவூர்க் கடைக்காரர் ஒருவர் கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் சரக்கெடுத்தால், அதற்குரிய பணம் எவ்வழியாகச் செல்லும்? எளிய கேள்விதான், ஆனால் விடையில் ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

பிரித்தானியர் காலத்தில் ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர்ச் சிறு வணிகருக்கு நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. இடையில் நின்றவர்கள் கொழும்புச் செட்டியார் தெருவின் நகரத்தார்களே. அவர்களது உண்டியல் ஓரூரில் கட்டிய பணத்தை மற்றோரூரில் பெற வழிசெய்தது. தவணை உண்டியலாயின், செலுத்துவதற்கு அவகாசமும் அளித்தது. 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழுவைத் தொடர்ந்து, 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. காலப்போக்கில் உண்டியலின் இடத்தைப் பிற்திகதியிட்ட காசோலை பிடித்துக்கொண்டது.

கென்யாவில் எம்-பெசா 2007இல் தொடங்கியது. இலங்கையில் டயலொக் நிறுவனத்தின் ஈசி கேஷ் 2012இலும், மொபிடெலின் எம்கேஷ் 2013இலும் வந்தன. கைத்தொலைபேசிப் பணப்பைக்கு உச்சவரம்பு உண்டு. ஆகவே பெருந்தொகைகளுக்கு வணிகர் வங்கிக் கணக்கையே நாட வேண்டியிருக்கிறது. 2015இல் வங்கிகளிடையே உடனடிப் பணமாற்று முறை ஏற்பட்டபின், அதுவும் அதே கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டது.

பணம் இன்று நொடியில் சேர்கிறது. ஆயினும் சிறு வணிகன் உண்டியலிடமிருந்து பெற்றது வேகத்தையன்று, அவகாசத்தை. "விற்றபின் தருகிறேன்" என்ற சொல்லை நம்புவதற்கு இன்றும் ஒரு மனிதர் வேண்டும். அந்த நம்பிக்கை வற்றினால், எத்தனை விரைவான கருவியும் சிறு கடையைக் காப்பாற்றாது.